அமெரிக்க இராணுவ அகாடமிகளில் சேர்க்கையும் காங்கிரஸ் பரிந்துரையும்: விவரம் அறிந்தவர்கள் வழிகாட்டுங்கள்

எடிசன்வாசி:
அனைவருக்கும் வணக்கம். நாங்கள் நியூஜெர்சியில் வசிக்கிறோம். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள், அனாபோலிஸில் உள்ள கடற்படை அகாடமியில் சேர வேண்டும் என்று ஒன்பதாம் வகுப்பிலிருந்தே சொல்லி வருகிறாள். கொலராடோ ஸ்பிரிங்ஸில் உள்ள விமானப்படை அகாடமியையும் இரண்டாவது விருப்பமாக வைத்திருக்கிறாள். எங்கள் இரு குடும்பங்களிலும் இராணுவத்தில் இருந்தவர்கள் ஒருவரும் இல்லை. எனவே வழக்கமான கல்லூரி விண்ணப்பத்திலிருந்து இது எவ்வாறு மாறுபடுகிறது என்பதைக் கேட்டறிய எங்களுக்கு ஆள் இல்லை. காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) உறுப்பினரின் பரிந்துரை இல்லாமல் இடம் கிடைக்காது என்று படித்ததும், அரசியல்வாதிகள் எவரையும் அறியாத எங்களைப் போன்றவர்களுக்கு இது எட்டாக்கனியோ என்ற ஐயம் வந்துவிட்டது. அவளுக்குச் சிறு வயதில் மூச்சிரைப்பு இருந்தது என்பதும் ஒரு கவலை. எங்கிருந்து தொடங்க வேண்டும்?

செசபீக் அம்மா:
வணக்கம் ஐயா. என் மகன் இப்போது அனாபோலிஸில் படிக்கிறான். எங்கள் வீட்டிலும் அவனுக்கு முன் சீருடை அணிந்தவர் எவரும் இல்லை. ஆகவே முதல் ஐயத்தை உடனே விட்டுவிடுங்கள். பரிந்துரை என்று கேட்டதும் நம் ஊரில் எம்.எல்.ஏ.விடம் கடிதம் வாங்குவது நினைவுக்கு வருவது இயல்புதான். இங்கே அது விண்ணப்பம், கட்டுரை, ஆசிரியர் கடிதங்கள், நேர்முகம் ஆகியவற்றைக் கொண்ட தனியொரு போட்டி. உறுப்பினரின் இணையதளத்திலேயே விண்ணப்பப் படிவமும் கடைசித் தேதியும் இருக்கும்.

நீங்கள் மனத்தில் இருத்த வேண்டியது, இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் தனித்தனியாக நடக்கின்றன என்பதுதான். அகாடமிக்கு நேரடியாக அளிக்கும் விண்ணப்பம் ஒன்று. பரிந்துரைக்காக உங்கள் தொகுதிப் பிரதிநிதி, மாநிலத்தின் இரு செனட்டர்கள், துணை அதிபர் ஆகிய நால்வருக்கும் அளிக்கும் விண்ணப்பங்கள் மற்றொன்று. ஒன்றில் நிரப்பியது மற்றொன்றுக்குத் தானாகப் போய்ச் சேராது. காங்கிரஸ் அலுவலகங்களின் கடைசித் தேதி பெரும்பாலும் செப்டம்பருக்கும் நவம்பருக்கும் இடையில் வந்துவிடும். அலுவலகத்துக்கு அலுவலகம் அது மாறும். அகாடமியின் கடைசித் தேதி ஜனவரி என்று பார்த்துவிட்டு நிதானமாக இருக்கும் பிள்ளைகள், பரிந்துரைக்கான கதவு அக்டோபரிலேயே மூடிவிட்டதை அறிந்து திகைப்பது ஆண்டுதோறும் நடக்கிறது.

இந்த வசந்த காலத்திலேயே அகாடமியின் முதற்கட்டப் படிவத்தை நிரப்பச் சொல்லுங்கள். கோடைக்கால முகாமுக்கும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அதில் இடம் கிடைக்காவிட்டால் சேர்க்கையும் இல்லை என்று பொருளல்ல.

மேஜர் ஓய்வு:
நான் அமெரிக்கத் தரைப்படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். எங்கள் தொகுதிப் பிரதிநிதியின் தேர்வுக் குழுவில் சில ஆண்டுகளாக அமர்ந்து வருகிறேன். கணக்கை விளக்கினால் பல குழப்பங்கள் தீரும் என்று நினைக்கிறேன்.

தரைப்படை அகாடமியான வெஸ்ட் பாயிண்ட், அனாபோலிஸ், விமானப்படை அகாடமி ஆகிய மூன்றில் ஒவ்வொன்றிலும், ஒவ்வொரு பிரதிநிதிக்கும் ஒவ்வொரு செனட்டருக்கும் ஒரே நேரத்தில் ஐந்து மாணவர்கள் வரை அவர்களது கணக்கில் படித்துக்கொண்டிருக்கலாம் என்பது சட்டம். அந்த ஐவரில் ஒருவர் பட்டம் பெற்றோ இடையில் விலகியோ வெளியேறும்போது ஓர் இடம் காலியாகிறது; எனவே பெரும்பாலான ஆண்டுகளில் ஓர் அலுவலகத்துக்கு ஓர் அகாடமியில் ஒன்றோ இரண்டோ இடங்கள்தான் இருக்கும். அந்த ஓர் இடத்துக்கு உறுப்பினர் ஒரு பட்டியலையே அனுப்பலாம். நீண்ட காலம் பத்துப் பேர் என்று இருந்த அந்த வரம்பு பின்னர் உயர்த்தப்பட்டது. உங்கள் மகள் முதலில் போட்டியிடுவது நாடு முழுவதிலும் உள்ள மாணவர்களோடு அல்ல. அந்தப் பட்டியலில் இருக்கும் சிலரோடுதான். பட்டியலில் முதலிடம் பெறாத தகுதியானவர்களின் பெயர்கள் பிறகு தேசிய அளவிலான தகுதி வரிசைக்குச் செல்கின்றன. அங்கிருந்தும் கணிசமானோர் அழைக்கப்படுகிறார்கள்.

துணை அதிபரின் பரிந்துரைக்கு நாட்டின் எந்தக் குடிமகனும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அவருக்கும் ஒரே நேரத்தில் ஐந்து பேர்தான் என்பதால், அதை மட்டும் நம்பி இருந்துவிட முடியாது. அதிபரின் பெயரால் வரும் பரிந்துரை நீண்ட காலம் இராணுவத்தில் பணியாற்றியவர்களின் பிள்ளைகளுக்கானது; ஓர் அகாடமிக்கு ஆண்டுக்கு 100 பேர் வரை அவ்வழியில் சேரலாம். உங்கள் மகளுக்கு அது பொருந்தாது. பள்ளி மாணவர்களுக்கான இராணுவப் பயிற்சித் திட்டமான ஜூனியர் ஆர்ஓடிசி பிரிவில் இருக்கிறாள் என்றால் அதன் வழியாகவும் ஒரு பரிந்துரை உண்டு, விசாரித்துப் பாருங்கள்.

டல்லாஸ் குமரன்:
மேஜர் அவர்கள் சொல்வது சரிதான். ஆனாலும் இதில் அரசியலுக்கு இடமே இல்லை என்று சொல்லிவிட முடியுமா? பட்டியலில் ஒருவரை முதன்மைப் பரிந்துரையாகக் குறிக்கும் உரிமை உறுப்பினருக்கு உண்டு. அவ்வாறு குறிக்கப்பட்டவர் கல்வி, உடல்நலம், உடற்தகுதி ஆகியவற்றில் குறைந்தபட்சத் தகுதியைப் பெற்றுவிட்டால், அதே பட்டியலில் அவரைவிடப் பன்மடங்கு மதிப்பெண் பெற்ற மாணவி இருந்தாலும் அகாடமி முதன்மையானவருக்கே அந்த இடத்தைக் கொடுத்தாக வேண்டும். அப்படியானால் தெரிந்தவர் பிள்ளை முன்னே போவதை எது தடுக்கிறது?

மேஜர் ஓய்வு:
குமரன், நீங்கள் குறிப்பிடும் முறை சட்டத்தில் இருக்கிறது, மறுக்கவில்லை. மூன்று முறைகள் உண்டு. ஒருவரை முதன்மையாக்கி மற்றவர்களை வரிசையிட்டுக் கொடுப்பது ஒன்று. முதன்மையானவரை மட்டும் சொல்லிவிட்டு மீதிப் பேரை அகாடமியே வரிசைப்படுத்தட்டும் என்று விடுவது இரண்டாவது. எவரையும் முன்னிறுத்தாமல் முழுப் பட்டியலையும் அகாடமியின் மதிப்பீட்டுக்கே விட்டுவிடுவது மூன்றாவது. பெரும்பாலான அலுவலகங்கள் மூன்றாவதையே பின்பற்றுகின்றன. உங்கள் பிரதிநிதி எந்த முறையைப் பின்பற்றுகிறார் என்று அலுவலகத்தில் கேட்டால் பெரும்பாலும் மறைக்காமல் சொல்வார்கள். அதைக் கேட்பது தவறாகவும் கருதப்படாது.

எங்கள் குழுவில் முன்னாள் அதிகாரிகள், ஒரு பள்ளி முதல்வர், அகாடமியில் படித்துவிட்டு இப்போது வேறு தொழிலில் இருப்பவர்கள் ஆகியோர் இருக்கிறார்கள். விண்ணப்பதாரரின் பெற்றோர் எந்தக் கட்சிக்கு நன்கொடை தந்தார் என்பது எங்கள் முன் இருக்கும் கோப்பில் இருக்காது. எங்கள் பார்வையில் ஒரு பிள்ளைக்கு உண்மையிலேயே தீங்கு செய்வது வேறு: தந்தையோ தாயோ அலுவலகத்துக்கு மீண்டும் மீண்டும் தொலைபேசியில் பேசுவது. பதினெட்டு மாதங்களுக்குப் பிறகு முப்பது பேரை வழிநடத்தப் பழகப்போகும் ஒருவர், தன் விண்ணப்பம் வந்து சேர்ந்ததா என்று தானே கேட்கத் தயங்குகிறார் என்றால், குழு அதைக் கவனிக்காமல் விடாது.

செசபீக் அம்மா:
இதை நான் வழிமொழிகிறேன். நம்மவர்களுக்கு இது கடினம். பிள்ளையின் எல்லா விண்ணப்பங்களையும் நாமே மேசையில் பரப்பி வைத்துப் பழகியவர்கள் நாம். வீட்டுக்குள் ஓர் அட்டவணை போட்டுக் கொடுங்கள், தேதியை நினைவூட்டுங்கள், நேர்முகத்துக்கு வண்டியோட்டிச் செல்லுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எடிசன்வாசி:
மிக்க நன்றி. நேர்முகத்தில் என்ன கேட்பார்கள் என்று கொஞ்சம் சொல்ல முடியுமா? இன்னொரு ஐயமும் இருக்கிறது. எங்கள் பகுதியில் போட்டி மிகுதி என்கிறார்கள். விண்ணப்பிப்போர் குறைவாக உள்ள தொகுதியில் இருக்கும் உறவினர் வீட்டு முகவரியைப் பயன்படுத்தலாம் என்று நண்பர் ஒருவர் ஆலோசனை சொன்னார்.

மேஜர் ஓய்வு:
அந்த ஆலோசனையைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பரிந்துரைக்கப்படுபவர் அந்தத் தொகுதியில் உண்மையான நிரந்தர வசிப்பிடம் கொண்டவராக இருக்க வேண்டும் என்பது சட்டத் தேவை. பொய் சொல்லாமை, ஏமாற்றாமை, திருடாமை என்பதை நெறிக்கோட்பாடாக வைத்திருக்கும் ஓர் இடத்துக்குள் பொய் முகவரியோடு நுழைவதில் உள்ள முரண்பாட்டை நான் விளக்க வேண்டியதில்லை. போட்டியின் கடுமை இடத்துக்கு இடம் மாறுவது மட்டும் உண்மை. பென்டகனைச் சுற்றியுள்ள வடக்கு வர்ஜீனியாவில் இராணுவக் குடும்பங்கள் நிறைந்திருப்பதால் பட்டியல் நெருக்கமாக இருக்கும். பட்டியலையே நிரப்ப முடியாமல் ஆளைத் தேடும் தொகுதிகளும் நாட்டில் இருக்கின்றன.

நேர்முகம் பற்றி: பதினைந்து முதல் இருபது நிமிடம், மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று நான்கு பேர். ஏன் அதிகாரியாக விரும்புகிறாய், சாதாரணப் படைவீரராக ஏன் சேரவில்லை, இந்த அகாடமி கிடைக்காவிட்டால் என்ன செய்வாய் என்பவை எப்போதும் வரும். பொறியியல் படிப்பும் கட்டணம் இல்லாமையும்தான் ஈர்த்தன என்று ஒரு மாணவர் சொன்னால் நாங்கள் கோபப்பட மாட்டோம். ஆனால் அடுத்த கேள்வி, படித்து முடித்ததும் ஆறு மாதம் கப்பலில் இருக்க வேண்டும் என்றால் என்ன செய்வாய் என்பதாக இருக்கும். விமானி ஆக வேண்டும் என்பவரிடம், கண் பரிசோதனையில் அது முடியாது என்று தெரிந்தால் வேறு எந்தப் பிரிவைத் தேர்ந்தெடுப்பாய் என்று கேட்போம். அனாபோலிஸில் படித்தவர்கள் கடற்படைக்கு மட்டுமன்றி மரீன் படைக்கும் அதிகாரிகளாகச் செல்கிறார்கள் என்பதே தெரியாமல், அதைத் தம் முதல் விருப்பம் என்று எழுதி வந்தவர்களையும் கண்டிருக்கிறேன். மனப்பாடம் செய்த விடை எங்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

விருப்ப வரிசை எழுதும் இடத்தில் கவனம் தேவை. ஒரே மாணவரை இரண்டு மூன்று அகாடமிகளுக்குப் பரிந்துரைக்கும் அலுவலகங்களும் உண்டு. ஒருவருக்கு ஒன்று என்று பங்கிட்டுக் கொடுப்பவையும் உண்டு. சில மாநிலங்களில் செனட்டர்களும் பிரதிநிதிகளும் கலந்து பேசி, ஒருவரே பல பரிந்துரைகளைப் பெறாதபடி பார்த்துக்கொள்கிறார்கள். எனவே முதலிடத்தில் எதை எழுதுகிறாளோ, அதைக் குறித்துப் பத்து நிமிடம் தடையில்லாமல் பேச அவளால் முடிய வேண்டும்.

மூன்றாம் ஆண்டு கேடட்:
வணக்கம். நான் வெஸ்ட் பாயிண்டில் படிக்கிறேன். எல்லாரும் பரிந்துரையைப் பற்றியே பேசுவதால் உடற்தகுதித் தேர்வை நினைவூட்டுகிறேன். பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியரோ பயிற்சியாளரோ நடத்தும் தேர்வுதான் அது. கூடைப்பந்தை எறிதல், புல்அப், குறுக்கும் நெடுக்குமாக ஓடித் திரும்புதல், வயிற்றுப் பயிற்சி, தண்டால், ஒரு மைல் ஓட்டம் ஆகியவற்றை இடைவேளை மிகக் குறைவாக, அடுத்தடுத்துச் செய்ய வேண்டும். தனித்தனியாகச் செய்தால் எளிதாக இருப்பவை, தொடர்ந்து செய்யும்போது வேறு மாதிரி இருக்கும்.

பலரைத் தடுமாற வைப்பது பந்தெறிதல்தான். இரு முழங்கால்களையும் தரையில் ஊன்றி, ஒரே கையால், தலைக்கு மேலிருந்து எறிய வேண்டும். காலின் விசை முற்றிலும் இல்லாமல் போவதால், கூடைப்பந்து அணியில் ஆடுபவர்கள்கூட முதல்முறை எறிந்ததும் பந்து விழுந்த இடத்தைப் பார்த்து விழிப்பார்கள். இடுப்பையும் தோளையும் திருப்பி எறியும் முறை பழகினால்தான் வரும். அதற்குச் சில வாரங்கள் ஆகும். பெண்கள் புல்அப் செய்ய இயலாவிட்டால் கைகளை மடக்கித் தொங்கும் மாற்று வழி உண்டு. ஆனாலும் ஒரு புல்அப்பாவது செய்யப் பழகுவது நல்லது. அந்தந்த ஆண்டின் விதிமுறையை அகாடமியின் தளத்திலேயே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

எங்கள் அகாடமியில் ஒட்டுமொத்த மதிப்பீட்டில் கல்விக்கு 60 விழுக்காடு, தலைமைப் பண்புக்கு 30, உடற்தகுதிக்கு 10 என்பது வழக்கமான கணக்கு. பத்துதானே என்று விட்டவர்கள், நெருக்கமான பட்டியலில் அந்தப் பத்திலேயே பின்தங்கிவிடுகிறார்கள்.

ராலே மருத்துவர்:
மூச்சிரைப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பரிந்துரை கிடைத்துவிட்டது, மதிப்பெண்ணும் இருக்கிறது, ஆனால் மருத்துவப் பரிசோதனையில் நின்றுவிட்டது என்ற நிலையைப் பல குடும்பங்கள் சந்திக்கின்றன. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டும் என்பது இங்கே மெய்யாகவே பொருந்தும்.

டோட்மெர்ப் என்று அழைக்கப்படும் பாதுகாப்புத் துறையின் மருத்துவ ஆய்வு வாரியம், உங்கள் ஊருக்கு அருகில் உள்ள ஒரு மருத்துவரிடமும் கண் பரிசோதகரிடமும் உங்கள் மகளை அனுப்பும். அதற்குக் கட்டணம் இல்லை. பதின்மூன்றாம் பிறந்தநாளுக்குப் பிறகு ஆஸ்துமா இருந்ததாகவோ, அதற்காக இன்ஹேலர் எழுதிக் கொடுக்கப்பட்டதாகவோ பதிவு இருந்தால் அது தகுதியின்மைக்கான காரணம். அதற்கு முன்பே முற்றிலும் நின்றுவிட்டிருந்தால் கவலை பெரிதல்ல. எனவே குழந்தை மருத்துவரிடமிருந்து எல்லாப் பதிவுகளையும் இப்போதே வாங்கித் தேதிகளைப் பாருங்கள். சளிக்காலத்தில் இருமலுக்கு முன்னெச்சரிக்கையாக எழுதப்பட்ட ஓர் இன்ஹேலர் சீட்டு, நோயே இல்லாத பிள்ளையின் கோப்பில் ஆஸ்துமா என்று பதிவாகியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தால், நுரையீரல் செயல்திறன் பரிசோதனை செய்து, சிறப்பு மருத்துவரின் விளக்கத்தோடு அனுப்ப வேண்டியிருக்கும். அதற்கு முன்பதிவு கிடைக்கவே சில மாதங்கள் ஆகலாம்.

தகுதியில்லை என்ற கடிதம் வந்தால் அதோடு முடிந்தது என்று எண்ண வேண்டாம். வாரியம் சொல்வது, வரையறைக்குள் இருக்கிறாரா இல்லையா என்பதை மட்டும்தான். விலக்கு அளிக்கும் அதிகாரம் அந்தந்த அகாடமிக்கு உண்டு. ஒரே மாணவருக்கு ஓர் அகாடமி விலக்கு அளித்து மற்றொன்று மறுப்பதும் நடக்கும். பொதுவாக, அவரைச் சேர்க்க அகாடமி விரும்பினால்தான் விலக்குக் கோப்பையே கையில் எடுக்கும். ஆகவே மற்ற பகுதிகளை வலுவாக வைத்திருப்பதும் மருத்துவத்துக்கு உதவுகிறது. எதையும் மறைக்காதீர்கள். படிவத்தில் கையொப்பமிடுவது உங்கள் மகள். பின்னாளில் தெரியவந்தால் விளைவை அனுபவிப்பதும் அவள்தான். கண்ணாடியை விட்டுவிட வேண்டும் என்று அவசரப்பட்டு லேசர் சிகிச்சையும் செய்துவிடாதீர்கள்; அதற்கும் காத்திருப்புக் காலமும் நிபந்தனைகளும் உண்டு.

சான்ஹோசே தமிழரசி:
எல்லாரும் உள்ளே போகும் வழியையே சொல்கிறீர்கள். உள்ளே போனபின் என்ன என்பதையும் அந்தக் குழந்தை தெரிந்துகொள்ள வேண்டாமா? பட்டம் பெற்ற பின் குறைந்தது ஐந்தாண்டுகள் முழுநேரப் பணி, விமானிகளுக்கு அதைவிட நீண்ட கடப்பாடு. பதினேழு வயதில் இவ்வளவு பெரிய முடிவா? இதே நோக்கத்தை, கல்லூரியில் படித்துக்கொண்டே அதிகாரிப் பயிற்சி பெறும் ஆர்ஓடிசி திட்டத்தின் உதவித்தொகையோடு நல்ல பல்கலைக்கழகத்தில் படித்தே அடையலாம். அதற்குக் காங்கிரஸ் பரிந்துரையும் வேண்டாம்.

மூன்றாம் ஆண்டு கேடட்:
அக்கா கேட்பது நியாயமான கேள்வி. பதினேழு வயதில் எடுக்கும் முடிவு இறுதியானதல்ல. முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் விலகினால் பணிக் கடப்பாடு கிடையாது. மூன்றாம் ஆண்டு தொடங்கும்போதுதான் முறைப்படி உறுதி எடுத்துக்கொள்கிறோம். நான் அதை அண்மையில்தான் எடுத்தேன். அந்த வாரத்தில் என் வகுப்பிலிருந்து விலகிச் சென்றவர்களும் இருக்கிறார்கள், அவர்களை எவரும் குறைவாகப் பேசவில்லை. ஆர்ஓடிசிக்கும் விண்ணப்பித்தே தீர வேண்டும் என்பதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். மாற்றுத் திட்டம் என்ன என்று நேர்முகத்தில் கேட்கும்போது, அதிகாரியாக வேண்டும் என்பதே நோக்கம், இந்த வழி அடைபட்டால் அந்த வழி என்று சொல்பவரின் விருப்பத்தைக் குழு நம்புகிறது.

கப்பல்காரன்:
கடலில்தான் ஆர்வம் என்றால், கனெக்டிகட்டின் நியூ லண்டனில் உள்ள கடலோரக் காவல்படை அகாடமியை ஏன் ஒருவரும் குறிப்பிடவில்லை? ஐந்து அகாடமிகளில் அது ஒன்றுக்குத்தான் காங்கிரஸ் பரிந்துரையே தேவையில்லை. நியூயார்க்கின் கிங்ஸ் பாயிண்டில் உள்ள வணிகக் கப்பல் அகாடமிக்குப் பரிந்துரை வேண்டும். ஆனால் அங்கே துணை அதிபர் வழி கிடையாது, இடங்கள் மாநில வாரியாகப் பங்கிடப்படுகின்றன. நியூஜெர்சியிலிருந்து இரண்டுமே ஒரே நாளில் போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடிய தூரம்தான்.

ஃப்ரீமாண்ட் பாலா:
இடையில் ஒரு கேள்வி கேட்கலாமா? எங்களுக்கு இன்னும் கிரீன் கார்டு வரவில்லை. மகன் எச்-4 விசாவில் பத்தாம் வகுப்புப் படிக்கிறான். அவனுக்கு வெஸ்ட் பாயிண்ட் மீது ஆசை.

செசபீக் அம்மா:
பாலா, இதை மென்மையாகச் சொல்ல வழியில்லை. சேரும் நாளில் அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும். கிரீன் கார்டுகூடப் போதாது. ஆர்ஓடிசி உதவித்தொகைக்கும் இதே நிபந்தனைதான். அவனுக்குப் பதினெட்டு வயது நிரம்புவதற்குள் அவனுக்குக் கிரீன் கார்டும் உங்களில் ஒருவருக்குக் குடியுரிமையும் கிடைத்து, அவன் உங்களோடு வசிப்பவனாகவும் இருந்தால், 2000-ஆம் ஆண்டின் குழந்தைகள் குடியுரிமைச் சட்டப்படி அவன் தானாகவே குடிமகனாகிவிடுவான். இந்தியர்களுக்கான வரிசை இருக்கும் நிலையில், பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அது நடப்பது அரிது. உங்கள் வழக்கறிஞரிடம் தேதிகளைக் காட்டிக் கேட்டுவிட்டு, பிறகு அவனிடம் பேசுங்கள்.

எடிசன்வாசி ஐயா, இதையொட்டி உங்களுக்கும் ஒன்று. உங்கள் மகளிடம் ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை இருந்தால், வெளிநாட்டு இராணுவத்தில் பணியாற்றுபவர்களும் ஓய்வு பெற்றவர்களும் ஓசிஐ பெறத் தகுதியற்றவர்கள் என்று இந்திய உள்துறை அமைச்சகம் தன் விளக்கத்தில் சொல்லியிருப்பதைப் படித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் இதைப் பேசித் தெளிந்த பிறகே மகன் கையெழுத்திட்டான். தாத்தா பாட்டியைப் பார்க்கப் போவதற்கு விசா வாங்க வேண்டியிருக்கும் என்பதைப் பிள்ளை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

எடிசன்வாசி:
இவ்வளவு விவரங்களை எதிர்பார்க்கவில்லை, அனைவருக்கும் நன்றி. மகளிடம் இந்த இழையைப் படிக்கக் கொடுத்தேன். குழந்தை மருத்துவரின் பதிவுகளில் கடைசி இன்ஹேலர் சீட்டு பதினோராம் வயதில் இருப்பதைப் பார்த்து நிம்மதி அடைந்தோம். செனட்டர் அலுவலகத்துக்கு அவளே தொலைபேசியில் பேசி, படிவம் எப்போது திறக்கும் என்று குறித்துக்கொண்டாள். அவள் கேட்கச் சொன்ன கேள்வி ஒன்று: எல்லாம் செய்தும் முதல் ஆண்டில் கிடைக்கவில்லை என்றால் மீண்டும் விண்ணப்பிக்க முடியுமா?

மேஜர் ஓய்வு:
முடியும். சேரும் ஆண்டின் ஜூலை 1 அன்று 23 வயதைத் தாண்டாதிருந்தால் போதும். திருமணமாகாதவராகவும் இருக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் வெஸ்ட் பாயிண்டிலும் அனாபோலிஸிலும் ஏறக்குறைய 1,200 பேர் வீதம் சேர்கிறார்கள். அவர்களில் ஓராண்டு கல்லூரியிலோ ஆயத்தப் பள்ளியிலோ படித்துவிட்டு வருபவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். கடற்படைக்கான ஆயத்தப் பள்ளி ரோட் ஐலண்டின் நியூபோர்ட்டில் இருக்கிறது. அதற்குத் தனியாக விண்ணப்பிக்க முடியாது, அகாடமிதான் தன் விண்ணப்பதாரர்களிலிருந்து தேர்ந்தெடுத்து அனுப்புகிறது. கல்லூரிக்குச் சென்றால் கால்குலஸ், வேதியியல் ஆகியவற்றை எடுத்து நல்ல மதிப்பெண் பெறட்டும்.

பழைய பரிந்துரை அடுத்த ஆண்டுக்குச் செல்லாது; நான்கு அலுவலகங்களுக்கும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அவள் அப்போது வேறு மாநிலத்தில் படித்துக்கொண்டிருந்தாலும், படிவத்தில் விடுதி முகவரியை எழுதாமல் உங்கள் எடிசன் வீட்டு முகவரியையே எழுதச் சொல்லுங்கள். நேர்முகத்துக்கு ஊர் வர வேண்டியிருக்கும் என்பதால், இலையுதிர் காலத் தேர்வு நாட்களைப் பார்த்து அலுவலகத்திடம் முன்கூட்டியே நேரம் கேட்டு வைக்கட்டும்.